ஒத்திகைத் தேர்தல்

மன்னர் தன் அதிகாரத்தை மக்களுக்கே கொடுத்துவிட்டாராம். அதை வாங்கிக்கொள்வது எப்படி என்று பழக்கிவிட ஓர் அதிகாரி மலையேறி வந்தார். கட்சிகள் இன்னும் பிறக்காததால், ஒத்திகைக்கு மஞ்சள், சிவப்பு என்று இரண்டு நிறங்களை வைத்தார். மஞ்சள், மன்னர் போர்த்தும் சால்வையின் நிறம்.

"ராஜாவுக்கு எதுங்க புடிக்கும்?" என்று கேட்டார் மாடு மேய்க்கும் குன்லே.

"உங்களுக்குப் புடிச்சதுல குத்துங்க. யாருக்கும் தெரியாது."

தெரியாதாமே, அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று குன்லே முத்திரையைச் சிவப்பில் குத்தினார்.

வாக்குகளை எண்ணி முடித்த அதிகாரியின் முகமெல்லாம் பூரிப்பு. "மொத்த ஊரும் மஞ்சள். சிவப்புல ஒண்ணுகூட இல்ல."

ஊர் கைதட்டியது. அதிகாரி குன்லேயைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார் குன்லே.