பிளேன் ஏறும் மட்டும்

சாமினி கனடாவில் பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். பிளேன் ஏறுவதற்கு முன் வெளியே தெரிந்தால் கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா புவனேஸ்வரி அச்சுவேலி ஊரார் எல்லோரிடமும் அதை மறைத்திருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் சாமினியின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. சாமினி குளித்துக்கொண்டிருந்ததால் புவனேஸ்வரி எடுத்தாள்.

"வணக்கம் அன்ரி, கனடாவிலை இருந்து வதனி கதைக்கிறன். சாமினி இஞ்சை படிக்க வாறது உறுதிதானே?"

கனடாவில் இருக்கும் மைத்துனியின் மருமகளாகத்தான் இருக்கும் என்று புவனேஸ்வரி நினைத்தாள். அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டாளே!

"ஆர் பிள்ளை உந்தக் கதையைக் கட்டினது? அவள் ஒரு இடமும் போகேல்லை."

"அப்ப விண்ணப்பம் போட்டது?"

"அது வேறை ஆரோ சாமினி. எங்கடையவளுக்குப் புத்தகத்தைக் கண்டாலே நித்திரை!"

சாமினி தலையைத் துவட்டியபடி வந்தாள்.

"அம்மா, யூனிவேர்சிற்றியிலை இடம் தந்தால் அங்கை வேலை செய்யிற வதனி எண்டு ஒரு தமிழ் அக்கா போன் எடுப்பாவாம். உடனை ஓமெண்டு சொல்லாட்டி வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம்."

புவனேஸ்வரி கைபேசியை வாயருகே கொண்டுபோய்க் கத்தினாள்.

"பிள்ளை, வைச்சிடாதையுங்கோ! நான் சொன்னது முழுக்கப் பொய்!"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தெரியும் அன்ரி. நான் இஞ்சை படிக்க வெளிக்கிடேக்கை, எனக்கு மஞ்சள்காமாலை எண்டு எங்கடை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைச்சவ. சாமினிக்கு இடம் உறுதி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."