பட்டியலில் நான்காவது

நெட் காலையிலிருந்து நொண்டுகிறது என்று அவன் ரவுட்டர் பக்கத்தில் சம்மணமிட்டு, போனில் அதன் செட்டிங்ஸைத் திறந்து வைத்திருக்கிறான். ஜன்னல் வெயில் திரையில் விழ, மனைவி கையால் நிழல் கொடுத்தபடி யாரெல்லாம் இணைப்பில் இருக்கிறார்கள் என்று வாசிக்கிறாள். டிவி, அவன் போன், அவள் போன். கண்ணெதிரே நான்காவதாக ஒரு வரி முளைக்கிறது: அக்கா போன். போன வருஷம் அவளே வைத்த பெயர். அக்காவோடு பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகிறது. “வாசல்கிட்ட வந்தாலே போன் தானா ஒட்டிக்கும். உங்கக்காவுக்கு இருக்கிற கோபம் அதுக்கு இல்ல போலிருக்கு,” என்கிறான். “பிளாக் பண்ணிடவா?” அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அவள் எழுந்து போகிறாள். காலிங் பெல் இன்னும் அடிக்கவில்லை. கதவைத் திறந்தால், பெல்லைத் தொடாமல் நீட்டிய விரலோடு அக்கா நிற்கிறாள்.