கேமரா போலீஸ்

"ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க சார். இன்ஸ்பெக்டர் கூப்பிடறார்."

கடை வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்ததும் பீரங்கியின் கையிலிருந்த மிக்ஸி மோட்டார் கீழே விழுந்து உருண்டது.

பகலில் மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர். சாயங்காலமானால் எதிர்க்கட்சி மேடை. ஏறிவிட்டால் போலீஸை ஒரு பிடி பிடிக்காமல் இறங்க மாட்டார். பீரங்கி என்ற பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

வந்திருந்தவர் பழகிய முகம். கூட்டத்துக்குக் கூட்டம் ஓரமாக ஸ்டாண்டை நிறுத்தி, வணக்கத்திலிருந்து நன்றி வரைக்கும் வீடியோ எடுக்கும் கேமரா போலீஸ். "நல்லா எடு தம்பி, உன் முதலாளிங்க பார்த்து ரசிக்கட்டும்" என்று மேடையிலிருந்தே அவரைச் சீண்டுவது பீரங்கிக்கு வழக்கம். கூட்டம் சிரித்து உருளும். அவர் மட்டும் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

"போட்டுக் கொடுத்துட்டீங்க, இல்ல?"

"பயப்பட ஒண்ணுமில்ல சார். வாங்க."

எல்லாப் போலீஸும் இப்படித்தான் சொல்லிக் கூட்டிப் போகும் என்று பீரங்கியே எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார்.

'போலீஸ்காரனைக் கண்டா விடாதீங்க, அடிங்க' என்று அவர் முழங்கும் வீடியோத் துண்டு ஒன்று நேற்றிலிருந்து ஊரெல்லாம் சுற்றியது. ஆளுங்கட்சிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். நிஜமாகவே அப்படிப் பேசினோமா என்று பீரங்கிக்கு நினைவில்லை. மைக்கைப் பிடித்தால் வாய்க்கும் மூளைக்கும் தொடர்பு விட்டுப் போகும் மனிதர். பேசியிருந்தாலும் பேசியிருப்பார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகள் வாசலுக்கு வந்தாள்.

"எப்பப்பா வருவீங்க?"

பேரப்பிள்ளையின் முகத்தைக் கம்பிக்குப் பின்னாலிருந்துதான் பார்க்கவேண்டி வருமோ என்று பீரங்கி பயந்தார்.

"நீங்க தைரியமாப் போங்க மாமா. ஆளுங்களைத் திரட்டிக்கிட்டு நான் பின்னாடியே வர்றேன்" என்றான் மைத்துனன். கட்சியின் இணையப் பக்கம் அவன் பொறுப்பு.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. முதல்ல முழுசாப் பார்த்துடலாம்."

திரையில் பீரங்கி பேச ஆரம்பித்தார்.

"விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போன அந்த டிரைவரை லாக்கப்ல வெச்சு அடிச்சவனுக்குத் தண்டனை கிடைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். ஆனா ஒண்ணு. நம்ம ஆளுங்கள்லயே சில பேர் 'போலீஸ்காரனைக் கண்டா விடாதீங்க, அடிங்க'ன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. அப்படிச் சொல்றவன் என் பக்கத்துல வராதே. யாரோ ஒருத்தன் பண்ணின தப்புக்கு எல்லாரையும் அடிப்பியா? அவங்க வீட்டுலயும் புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

பீரங்கிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"நானா இப்படிப் பேசினேன்?"

"நீங்கதான் சார்" என்றார் கேமரா போலீஸ். "அந்த இடத்துல யாரும் கைதட்டல. அதான் மறந்துட்டீங்க."

"மேலிடத்துல அந்தத் துண்டே போதும், ஆளை உள்ள வைன்னாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இவர்தான் முழு வீடியோவையும் சேர்த்து அனுப்பினாத்தான் ஆச்சுன்னு பிடிவாதமா நின்னுட்டார். அனுப்பினோம். அதுக்கப்புறம் அங்கேயிருந்து பேச்சு மூச்சே இல்ல. கேஸ் கிடையாது. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பீரங்கி முதலில் மகளைப் போனில் கூப்பிட்டார். "வந்துடறேம்மா. ஒண்ணுமில்ல" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமரா போலீஸிடம் திரும்பினார்.

"உங்களை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்."

"அதுவும் இதுலயே இருக்கு சார். அதையும் நான் வெட்டிடல."

"அதுக்காக அந்த லாக்கப் விஷயத்தை நான் விட்டுட மாட்டேன்."

"விடாதீங்க சார்."

இன்ஸ்பெக்டர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

"அப்போ நடுவுல வெட்டிப் போட்டது அந்த ஆளுங்கட்சிக்காரங்கதானே?" என்றார் பீரங்கி.

"அவங்க பரப்பினாங்க. முதல்ல வந்தது உங்க கட்சியோட இணையப் பக்கத்துல" என்றார் கேமரா போலீஸ்.

வாசலில் 'காவல்துறை ஒழிக' கோஷம் காதைப் பிளந்தது. மைத்துனன்தான் முன்னால் நின்றான். பீரங்கி அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"வெட்டினது நீயா?"

அவன் நெளிந்தான். "முழுசாப் போட்டா யாரு மாமா பார்க்கறா? காரமா இருந்தாத்தானே நாலு பேரு பகிர்வாங்க? இப்படி ஆகும்னு நான் கண்டேனா? சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் காத்துட்டிருக்காங்க, உள்ள என்ன கொடுமை பண்ணினாங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

போனை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

பீரங்கி அதைப் பிடுங்கிக்கொண்டு, படியில் நின்றிருந்த கேமரா போலீஸிடம் நீட்டினார்.

"உள்ள நடந்ததை நடந்தபடி சொல்லப் போறேன். நீங்களே எடுங்க சார். எங்காளு எடுத்தா வெட்டிடுவான்."