அப்பன் ரத்தம்

பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றில் தாமிரா என்ற பெண்குதிரை இருந்தாள். ஊரெல்லாம் பேர்போன சூறாவளி என்ற ஆண்குதிரைக்கும் அவளுக்கும் பிறந்த மகன், முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தான்.

"எல்லாம் தாய்வழி ரத்தம்" என்று மற்ற குதிரைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தாமிராவுக்கு அன்று புல் இறங்கவில்லை.

அடுத்த பந்தயத்தில் அவனே முதலாவதாக வந்தான்.

"சூறாவளி பிள்ளையாச்சே! அப்பன் ரத்தம் சும்மா விடுமா?" என்று லாயமே கனைத்தது.

வியர்வைகூடக் காயாமல் மகன் தாயிடம் ஓடிவந்தான்.

"அம்மா, அப்பா ஓடி நீ பார்த்திருக்கியா?"

"ஒரே ஒரு தடவை. ரெண்டு பேரும் ஒரே பந்தயத்தில ஓடினோம்."

"எப்படி ஓடினார்?"

"நல்லாத்தான் ஓடியிருப்பார்" என்றாள் தாமிரா. "நான் எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தப்போ, வந்துகிட்டு இருந்தார்."