விழுப்புரம் போகும் நாட்கள்

"அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க மச்சான்" என்றான் ஷஃபீக்.

ஜெய்னுலாபுதீனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? கனீஸ் பாத்திமாவோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர்தானே.

பால் பொங்கினால் கடலே பொங்கிவிட்டது போலப் பதறுகிற மனைவி. அவர் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுத்தாக வேண்டும். டி.வி. சீரியலில் யாராவது செத்தால் இவளுக்குச் சோறு இறங்காது. நெல்லித்தோப்பில் அவளுக்கு 'பதட்டம் பாத்திமா' என்றே பெயர்.

அப்படிப்பட்டவளிடம், அக்குளில் ஒரு கட்டி, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கட்டி அவரைக் கொல்கிறதோ இல்லையோ, சேதி அவளைக் கொன்றுவிடும்.

அதனால் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், கடைக்குச் சரக்கு எடுக்க விழுப்புரம் போவதாகச் சொல்லிவைத்தார். அவளும் நம்பினாள். குடை எடுத்தீங்களா, பஸ்ஸில் கையை வெளியே நீட்டாதீங்க என்று வழக்கமான பாட்டைப் பாடித்தான் அனுப்பிவைத்தாள். அந்த நாட்களில் விடியும் முன்பே சமையலறையில் விளக்கு எரியும். ஒரு பஸ் பயணத்துக்கே இவளுக்குத் தூக்கம் போய்விட்டது, பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்வார்.

இன்று ரிசல்ட்.

வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றுவிட்டார் டாக்டர்.

வெளியே வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஜன்னலில் ஊர் தண்ணீருக்குள் இருப்பது போல மெல்ல அசைந்து போயிற்று. வேப்பமரம், சைக்கிள் கடை, பூக்காரி, எல்லாம் இத்தனை நாளும் அவருக்காகவே காத்திருந்தவை போலத் தெரிந்தன. எங்கே இறங்கினார், எப்போது அல்வா வாங்கினார் என்பதே ஞாபகமில்லை. கனவில் நடப்பவர் போல வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்.

பாத்திமா கதவருகிலேயே நின்றிருந்தாள். அந்தி வெயில் அவள் முகத்தில் மஞ்சளாகக் கிடந்தது. ஏன் மிஸ்டு கால் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரக்கு நல்லா அமைஞ்சுது. இந்தா, வாயைத் திற" என்று அல்வாவை நீட்டினார்.

அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பாங்கு சொல்லட்டும்ங்க. நோன்பு."

"ரம்ஜான் போய் மாசக்கணக்காவுது. இப்ப என்ன நோன்பு?"

"விழுப்புரம்னு சொல்லிட்டு நீங்க கோரிமேட்டுக்குப் போற நாளெல்லாம் நோன்புதான். மொதல் தடவையே சட்டையில ஆஸ்பத்திரி வாடை அடிச்சுது, எனக்குத் தெரியாதா?"

அல்வா அவர் கையிலேயே இளகிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சும் நீ அழுவலியே பாத்திமா?"

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு அவர் கையிலிருந்த அல்வாவைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

"நான் அழுதா, என்னைத் தேத்துறதுக்கே உங்களுக்குப் பொழுது போயிடும். அப்புறம் உங்க பயத்தை நீங்க எப்பதான் பயந்து முடிக்கிறது?"