அனுமதி தேவையில்லை

“தோட்டத்துல ஒரு ஆபீஸ் ரூம் கட்டலாம்னு இருக்கேன்ப்பா. அனுமதி வாங்கணுமா?”

மகன் கேட்டதும், ஓய்வுபெற்ற கட்டட ஆய்வாளரான அப்பாவுக்கு இளமை திரும்பிவிட்டது.

“ராத்திரி யாரும் படுக்கலைன்னா வேண்டாம். படுத்தா வீட்டுக் கணக்குல வந்துடும். கக்கூஸ் எங்கே, பெரிய ஜன்னல் எங்கேன்னு உயிரை எடுத்துடுவாங்க.”

“அதெல்லாம் இல்லாமலே கட்டிடலாமா?”

“பகல்ல உட்கார்ந்து வேலை பார்க்கத்தானே? பலகைச் சுவரே போதும்டா.”

“யாராவது செக் பண்ண வந்தா?”

“பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம்னு சொல்லு. கதவைக்கூடத் திறக்க மாட்டான். நானே எத்தனை தடவை அப்படித் திரும்பி வந்திருக்கேன்!”

டேப்பும் கையுமாக வெயிலில் நின்று, தச்சரிடம் ஜன்னலை இன்னும் சிறிதாக்கச் சொல்லி, வேலையை விரட்டி முடித்தார் அப்பா.

பெயின்ட் காய்ந்த அன்று மகனும் மருமகளும் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார்கள். அது அப்பாவின் கட்டில்.

“டேய், இங்கே மனுஷன் படுக்கக் கூடாதுடா!”

“ஆபீஸுக்கு உங்க ரூம்தான்ப்பா வசதியா இருக்கு.” மகன் போர்வையை உதறி விரித்தான். “யாராவது வந்தா மட்டும் இருமாம இருங்க. பழைய சாமான்னு சொல்லிக்கிறேன்.”