மருதங்கன்றின் அவசரம்

கல்லூரி வளாகத்தில் தன்னை எங்கே நடுவார்களோ என்று, பிளாஸ்டிக் பைக்குள் மருதங்கன்று ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஈரம் பார்க்கும் சென்சார் பச்சை விளக்கைக் காட்டினால்தான் அங்கே குழி வெட்டுவார்கள்.

"மேல்மண்ணு காஞ்சு கிடக்கு. இந்த இடம் ஆகாது," என்றது சென்சார்.

அருகில் நின்ற கோரைப்புல்லுக்குச் சுருக்கென்றது. "மண்ணே வெடிச்சுக் கிடக்கையில நான் மட்டும் எப்படிப் பச்சையா நிக்கிறேன்? அடியில பாரு தம்பி!"

சென்சார் தன் நீண்ட கம்பி நுனியால் அடிமண்ணைச் சோதித்தது.

"அடடா! ஈரம்! நல்ல ஈரம் அக்கா!"

கன்றுக்கு இலையெல்லாம் சிலிர்த்தது. இதோ, வீடு கிடைத்துவிட்டது!

"நீங்க சொன்னது அப்படியே சரி அக்கா!" என்றது சென்சார் கோரைப்புல்லிடம்.

"எங்க பரம்பரைக்கே தெரியும். ஆனா நீ சொன்னாத்தானே தம்பி ஊர் நம்பும்!"

"ஐயோ, பெருமையெல்லாம் உங்களுக்குத்தான்!"

"இல்லவே இல்லை, உனக்குத்தான்!"

இரண்டும் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டன. இதற்கொரு விழா எடுக்க வேண்டும் என்றன. விழாவில் யார் முதலில் பேசுவது என்று உபசாரம் நடக்கையில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"அண்ணே, அக்கா," என்றது கன்று, இலைகள் தொங்க. "அடிமண்ணுல ஈரம் இருக்குன்னு கண்டுபிடிச்சீங்க. என் பைக்குள்ள இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?"

பச்சை விளக்கு இன்னும் எரியவில்லை.